தேற்றாத்தீவு, 33 கிலோஹேர்ட்ஸ்

மெயின் றோட்டு வால்வுப் பெட்டியைத் திறந்து
பழைய இரும்புக் குழாயில்
சிவப்பு வயரைக் கவ்வ வைத்தான் இர்பாத்.
கறுப்பு வயருக்கு ஓர் ஆணி, முழ நீளம்,
மண்ணில் அறைய வேண்டும்.
ஆடி மாத மணல், சீனி மாதிரி,
எதையும் பிடித்துவைக்காது.
ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினோம், காணவில்லை.
கடையில் இன்னொன்று வாங்கி ஊற்றினோம்.
அதற்குப் பிறகுதான் முள் அசைந்தது.

போவது குழாய் வழி,
வருவது மண் வழி.
இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான்:
திரும்பிவர வழியில்லாத எதையும்
என் கருவிக்குக் கேட்காது.

நேர் மேலே நின்றால் உரக்கும்,
அரையடி விலக முனகும்.
உரத்த இடமெல்லாம் நீலச் சாயம்.
பக்கத்தில் கிடந்த டெலிகொம் கேபிள்
குழாயின் சத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு
நான்தான் குழாய் என்று கொஞ்ச தூரம் நடித்தது.
கோவில் வளைவில் பிடித்துவிட்டோம்.
ஓர் ஓட்டோ வேகம் குறைத்து
"மிதிவெடியா?" என்றது.
"பைப்" என்றோம். கியர் மாறியது.

ஒழுங்கைக்குள் எண்பத்தெட்டாம் மீற்றரில்
பிளாஸ்ரிக் தொடங்கியது.
பிளாஸ்ரிக் வாயே திறக்காது.
கேள்விக்குறி போட்டுவிட்டு நிழலுக்குப் போனோம்.

மீற்றர் அட்டையில் பெயர் யோகாம்பிகை.
பிளேன்ரீ தந்தார், கருப்பட்டியோடு.
"இதால கீழ கிடக்கிறதப் பார்க்கலாமா மகன்?"
"பைப் பார்க்கலாம். கேபிள்."
"இரும்பு?"
நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

பின்வளவில், கொய்யாவுக்கும் மதிலுக்கும் நடுவே,
வட்டமாய்ப் புல் வேறு பச்சை.
"தொண்ணூறில மூடின கிணறு.
றலி சைக்கிளையும் கூடத்தான் போட்டவங்க.
அது இரும்புதானே?"

'கூட' என்ற சொல்லில்
இர்பாத் கோப்பையைக் கீழே வைத்தான்.

இரும்பு மட்டும் போதாது அம்மா,
அதற்குள் ஓடவேண்டும், ஓடித் திரும்பவேண்டும்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
பொத்தானை மற்றப் பக்கம் மாற்றினேன்,
ஊர்க் கரண்டை மட்டும் கேட்கும் பக்கம்.
அதில் ஒன்றும் வராதென்று நினைத்துப்
புல்லின் மேல் நடந்தேன்.

கத்தியது.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.
ஒரு மூச்சு நேரம்
எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் மறந்துபோனது.

பிறகு ஆழம் பார்த்தேன்.
நாற்பது சென்ரிமீற்றர்.
பக்கத்து வீட்டு மோட்டருக்குப் போகிற வயர்
மதிலுக்குக் கீழால் புகுந்து
குறுக்குவழியில் இந்த வளவைக் கடக்கிறது.
இர்பாத் எட்டிக் கூப்பிட்டு
மோட்டரை நிறுத்தச் சொன்னான்.
மோட்டர் நின்றது. கருவியும் நின்றது.
காகம் ஒன்று இருந்ததை அப்போதுதான் கேட்டோம்.

"அது கரண்ட், அம்மா."
"அதுக்குக் கீழ?"
"கீழ இதுக்குக் கேக்காது."
"இல்லை எண்டு சொல்லுதா?"
"இல்லை எண்டு சொல்லாது. கேக்காது."
"ஆ," என்றார். "அப்ப இல்லை எண்டில்லை."
முப்பது வருசத்துக்கு மேல் பழகிய கணக்கை
இன்னொரு தரம் கூட்டிச் சரிபார்த்தவர் போல
கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
என்னுடையதில் பாதி இருந்தது.

பையில் நான்கு டின்:
நீலம் தண்ணீருக்கு, சிவப்பு கரண்டுக்கு,
செம்மஞ்சள் டெலிகொமுக்கு.
வெள்ளை, தோண்டப்போகிற இடத்துக்கு.

இர்பாத் வெள்ளையை எடுத்துக் குலுக்கினான்.
உள்ளே அந்தச் சின்னக் குண்டு
கடகடவென்று ஓடியது.
என்னைப் பார்த்தான்.
நான் புல்லைப் பார்த்தேன்.
பிறகும் கொஞ்சநேரம் குலுக்கிக்கொண்டே நின்றான்,
மூடியைத் திறக்காமல்.

மோட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது.
மதிலுக்கு அப்பால் யாரோ மரவள்ளிக்குத் தண்ணீர் விட்டார்கள்.
ஒழுங்கையில் இன்னும் அறுபது மீற்றர் கிடந்தது.