ஒரிஜினல் கொண்டுவரவும்

உன் முகத்தை இதுவரை
எழுபது எண்பது முறை நகலெடுத்திருப்பேன், ஹிருத்.
பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா பக்கம்,
ஒட்டிய போட்டோவோடு விண்ணப்பம்.
கருப்பு வெள்ளையில் உன் கண் தெரியாது.
டோனர் தீரும் நாளில்
நெற்றி மட்டும் சாம்பலாக விழும்.
பக்கம் இரண்டு ரூபாய், உனக்கும் அதே விலைதான்
என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்,
ஆட்டோவிலிருந்து நீ இறங்கி வந்த முகத்தைப் பார்த்து.

அடையாறில், தோல் ஆராய்ச்சிக்கு எதிர்ச் சந்தில்
ஆறடிக்கு எட்டடிக் கடை.
மூன்று மணிக்கு நீ வந்தால்
உனக்கு முன்னால் ஒரு வாடை வரும்,
சுண்ணாம்புத் தொட்டியும் ஊறிய தோலும்.
மூக்கைச் சுளித்தவள்தான் நான்.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் குளித்துவிட்டு, ஈர முடியோடு வந்தாய்
நாலே நாலு காப்பி எடுக்க.
அன்றைக்கு நான் காசு வாங்கியிருக்கக் கூடாது.
வாங்கினேன்.

படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்.
டெஸ்ஃபாயே, அது அப்பா பெயர் ஆச்சே என்றாய்.
அதையே போடு, இங்கே நாங்களும்
அப்பாவைத்தான் சுமக்கிறோம்,
ஒரே எழுத்தாகச் சுருக்கி, முன்னால்.
எனக்கு ‘சு’.
ஒரு எழுத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்?
நீ சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாய்.
குடித்துவிட்டு வந்தால்
எங்கே வேண்டுமானாலும் உட்காருவார் என்றேன்.

போன வாரம் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
பிறப்புச் சான்றில் 1993, பாஸ்போர்ட்டில் 2001.
எது பொய் என்று கேட்டாராம்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.
நுங்கம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
அக்கினி நட்சத்திரத்தில் வந்து
என் ஸ்டூலில் உட்கார்ந்தாய்.
மோர் பாக்கெட்டை நெற்றியில் வைத்துக்கொண்டே விளக்கினாய்:
உங்கள் ஊரில் வருஷம் ஏழெட்டு பின்னால் நடக்குமாம்.
மாதம் பதின்மூன்று.
கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள்,
அதற்குச் சம்பளம் கிடையாது.
வீட்டுக்காரர் வாடகை கேட்பாரா?
கேட்கமாட்டார்.
மிஷினை நிறுத்திவிட்டு
கொஞ்ச நேரம்
அந்த மாதத்தில் இருந்தேன்.

அப்புறம்தான் என் ஆதாரை எடுத்துக் காட்டினேன்.
ஜூன் மூன்று. சுத்தப் பொய்.
வயது போதவில்லை என்று
ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதி.
நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள்,
உதயாதி நாழிகை பதினேழு
என்று ஜாதகம் சொல்லும்.
எங்கள் வகுப்பில் இருபத்தொன்பது பேர்
ஜூனில் பிறந்தோம்.
பள்ளிக்கூடம் திறந்தால்தான்
எங்களையெல்லாம் பெற்றார்கள்.
எந்தக் கண்ணாடியும் இதுவரை
எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உதயாதி என்றால்?
சூரியன் வந்ததிலிருந்து எண்ணுவது.
நிமிர்ந்து உட்கார்ந்தாய்.
எங்கள் கடிகாரமே அப்படித்தான், அக்கா,
காலை ஏழு மணி எங்களுக்கு ஒன்று.
ஜாதகத்தைத் தவிர வேறெங்கும்
அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.
நீ அதைக் கையில் கட்டியிருந்தாய்.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நானே தட்டினேன்:
மேற்படி இரண்டு தேதிகளும்
ஒரே நபரைக் குறிக்கும் என
உறுதி கூறுகிறேன்.
சைதாப்பேட்டை நோட்டரி
உன்னை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.
முந்நூறு கேட்டார். இருநூறுக்கு நான் பேசினேன்.

இன்று கடை அடைக்கும்போது மூடியைத் தூக்கினால்
கண்ணாடி மேல் கவிழ்ந்து கிடக்கிறது
உன் பிறப்புச் சான்று. ஒரிஜினல்.
கை தூக்கிய சின்னச் சின்ன ஆட்கள் மாதிரி
வரி வரியாக எழுத்து.
எது உன் பெயர், எது உன் அம்மா, தெரியவில்லை.
விளக்கொளி அவர்களுக்கு அடியில் போய்ப் போய் வந்திருக்கிறது
சாயங்காலம் முழுக்க.

போன் போட்டேன்.
அதற்குள் நீ அழத் தொடங்கியிருந்தாய்,
பையை இரண்டு முறை கொட்டிப் பார்த்துவிட்டாயாம்,
பெசன்ட் நகரில் பஸ் நின்றுபோயிருக்குமாம்,
மணி என்ன ஆகிறதோ என்றாய்.

பதறாதே. ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருக்கிறேன்.
மணி மூன்றுதான்,
மெதுவாக வா.