கம்பு

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து.
ஹாகன் நகரசபையின் நீச்சல் தடாகம்.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே
நவம்பர் இன்னும் விடியவில்லை.
‘தொடக்க நிலை. அறுபதுக்கு மேல்’
என்ற பலகையின் கீழ்
நடுங்கி நிற்கும் பதினொரு பேரில்
எனக்கு மட்டும் முப்பத்தொரு வயது.
மற்ற வகுப்புகளில் இடமில்லையாம்.

ஐந்தாம் வகுப்பில் அப்பா ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்:
மகளுக்குக் காது வருத்தம்,
தண்ணீரில் இறங்கக் கூடாது.
என் காதுகளுக்கு ஒரு கேடுமில்லை.
அந்தக் கடிதத்தை ஜெர்மனில் எழுதியதும் நான்தான்.
கையெழுத்து மட்டும் அவருடையது.

எங்களுக்குப் பழக்குபவன் யானிக்.
வயது இருபத்துமூன்று, மீசை இன்னும் யோசனையில்.
கையில் நீண்ட அலுமினியக் கம்பு.
‘பயம் வந்தால் கையைத் தூக்குங்கள்,
கம்பு வரும்.’
முதல் நாள் சொன்னது அவ்வளவுதான்.

கெர்லிண்டுக்கு எழுபத்தாறு.
ஒவ்வொரு கிழமையும் பத்தாவது மீட்டரில்
கையைத் தூக்குவார்,
பஸ்ஸை மறிப்பவர் மாதிரி.
கம்பைப் பிடித்துக் கரைக்கு வந்து
இருமி, மூக்கைச் சிந்தி,
‘இன்றைக்கு நன்றாகப் போனது’ என்பார்.
பத்து மீட்டர். போன கிழமையும் பத்து.

நெஜ்மெட்டின் நாற்பது வருடம்
உருக்காலையில் நெருப்புக்கு முன்னால் நின்றவர்.
ஆழப் பக்கம் போகலாமா என்று யானிக் கேட்டால்
‘இன்றைக்கு வேண்டாம்.’
பிறகு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.
முழங்கால், இரத்த அழுத்தம், ராத்திரி நித்திரையில்லை…
ஒன்றுமில்லை.
அந்த ‘வேண்டாம்’ தனியாக நின்றது,
முட்டுக்கொடுக்க ஒரு பொய்யும் இல்லாமல்.

நான் ஒரு ‘ஏலாது’ சொல்வதற்கு
மூன்று காரணம் சோடிப்பவள்.
மூச்சு முட்டினால் சிரிப்பவள்.
மார்ச் மாதத்திலிருந்து அம்மாவிடம்
‘அவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை’ என்று சொல்லி
ஞாயிறுதோறும்
அவர் சாப்பிட்ட சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்பவள்.

இவர்களை ஞானிகள் என்று நினைத்துவிட வேண்டாம்.
சுடுதண்ணீர் வரும் ஒரே ஷவருக்கு
கெர்லிண்ட் முழங்கையால் இடித்துக்கொண்டு போவார்.
நெஜ்மெட்டின் என் துவாயால் கால் துடைத்திருக்கிறார்,
இரண்டு தரம்.
ஒருநாள் துணிந்து கேட்டேன்:
‘இந்த வயதில் இந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது?’
கெர்லிண்ட் என்னை நன்றாகப் பார்த்துச் சொன்னார்:
‘நீல நிறச் சோப்பா? என்னுடையதில்லை.’
காதுக் கருவி அலமாரிக்குள் இருந்தது.

ஆறாவது கிழமை. ஆழப் பக்கம்.
பன்னிரண்டாவது மீட்டரில்
கால் நிலத்தைத் தேடியது.
நிலம் இல்லை.
வாய் நிறையத் தண்ணீர்,
வாயைச் சுற்றி என் வழமையான சிரிப்பு.
யானிக் அதை நம்பிவிட்டு
வேறு பக்கம் திரும்பினான்.

எப்படித் தூக்கினேனோ தெரியாது.
கை மேலே இருந்தது.
என்னுடைய கைதான்,
மோதிரம் கழற்றிய இடம் இன்னும் வெளிறி.

கம்பு வந்தது. குளிர்ந்திருந்தது.
கரையில் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை.
பேக்கரிக்காரன் பன்னைச் சின்னதாக்கிவிட்டானாம்,
அதுதான் அங்கே பெரிய வழக்கு.
இத்தனை வருடம் நான் பயந்தது
இந்தப் பன்னுக்கு முன்னால் நிற்காத ஒன்றுக்கா?
எனக்கு இருமல் வந்தது. மூக்கைச் சிந்தினேன்.

உடைமாற்றும் அறையில்
தலைமுடியிலிருந்து ஃபோனில் சொட்டியது.
‘அம்மா, அவர் ஸ்டுட்கார்ட்டில் இல்லை.
மார்ச்சிலேயே போய்விட்டார்.’

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பக்கத்தில் யாரோ முடி உலர்த்தும் சத்தம் மட்டும்.

‘என்ன பிள்ளை அங்க இரைச்சல்?’
‘நீந்தப் பழகுறன், அம்மா.’

மறுபடியும் ஒன்றும் இல்லை. பிறகு
மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு,

‘உனக்குக் காது வருத்தமெல்லே…
பஞ்சு வைச்சனியோ?’