விழுதில் இல்லாத வரி

லாவோசிலிருந்து வந்த பொட்டலத்தைச்
சுங்கத்தில் கீறிப் பார்த்திருந்தார்கள்.
உள்ளே நூறு நூறாய்த் தொங்கும் வெள்ளை நூல்,
குறுக்கே ஈர்க்கில் போல மூங்கில்.
"வலையாக்கும்" என்றார் தபால்காரர்.
குளச்சல் மீனோடு வந்த சூசைமிக்கேல்
கண்ணியை விரித்துப் பார்த்துவிட்டு
"இதுல சாளைகூட மாட்டாது" என்றான்.

அணைக்கட்டில் வெல்டராயிருக்கும் கொழுந்தன் சுயம்பு
குரல்பதிவு அனுப்பியிருந்தான்:
"மைனி, இது துணியில்ல,
துணி நெய்யத் தெரிஞ்ச நூலு.
எங்க மெஸ்ஸுல சமைக்கிற அக்காவுக்க வீடு
அடுத்த மழையில தண்ணிக்குள்ள போயிரும்.
தறியைத் தூக்க முடியாது.
இத மட்டும் கழத்திச் சுருட்டி
உன் ஊர்ல தறி உண்டாண்ணு கேட்டா.
உண்டுண்ணு சொல்லிட்டேன்."

உண்டு.
இரணியலில் ஒரு குழித்தறி, என்னுடையது.
நேரியல் நெய்கிறேன்.
கரைக்கு அப்பால் என் கை போனதில்லை.

தொங்கவிடவே மூன்று ஞாயிறு ஆயிற்று.
உத்தரத்தில் கயிறு.
என் விழுதுக்குப் பின்னால் அவள் விழுது.
பாவின் ஒவ்வோர் இழையும் அவள் கண்ணி வழியே.
ஒரு குச்சியை இழுத்தால் சில இழை எழும்பும்,
சில கிடக்கும்,
நடுவே சிவப்பு ஊடை ஓடும்.
அவள் பாஷையில் ஒரு சொல் எனக்குத் தெரியாது.
நாற்பதாவது குச்சியில் வால் வந்தது.
பிறகு செதில். பிறகு கழுத்து.
படம் விரிந்தபோது
தார் சுற்ற வந்த பேச்சிநாயகம் கும்பிட்டாள்:
"நம்ம நாகராஜா கோயில் ஆளுல்லா இது!"

கண் மட்டும் இல்லை.

குச்சிகளை எண்ணினேன்.
சுங்கக்காரன் ஒன்றை உருவிவிட்டான் என்று
இரண்டு நாள் திட்டினேன்.
அவிழ்த்து மறுபடி நெய்தேன்.
மறுபடியும் குருட்டுப் பாம்பு.

சுயம்பு அவளிடமே போனைக் கொடுத்தான்.
எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு மேலே
அவள் சிரித்தது கேட்டது.
"அந்த வரிய விழுதுல கட்டவே மாட்டாங்களாம் மைனி.
விரலால எடுக்கணுமாம்.
அண்ணைக்கு என்ன தோணுதோ, அது."

சொசைட்டி கூலிச்சீட்டில்
உருப்படி உண்டு, கெஜம் உண்டு, கழிவு உண்டு.
தோணுவதற்குக் கட்டம் இல்லை.

எட்டு இழையை நகத்தால் பிரித்து
மஞ்சள் வைத்தேன், பூனை முழித்தது.
உருவினேன்.
கறுப்பு வைத்தேன்,
பிள்ளைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டாயிற்று.
அதையும் உருவினேன்.

அங்கே மழை தொடங்கிவிட்டதாம்.

பச்சை வைத்துப் பார்க்க வேண்டும்.
நூல்கடை புதன்கிழமைதான் திறக்கும்.