ஓர் எண் தள்ளி

ஞாயிறு காலை, லோரோங் கூலிட்.
பதினைந்து ரிங்கிட் சொன்னான் சிக்கந்தர்.
எட்டுக்குக் கேட்டேன்.
"ஒரிஜினல் தோல்க்கா, தீ வெச்சுப் பாருங்க"
லைட்டரை வேறு நீட்டினான்.
மோந்து பார்த்தேன்:
பாச்சை உருண்டை, முகப்பவுடர்,
அடியில், வெகு அடியில், மாடு.
ஒன்பதுக்கு முடிந்தது.

பித்தளைக் கொக்கி வைத்த கைப்பை.
தங்க எழுத்தில் பாதி அழிந்த ஏதோ ஊர்ப்பெயர்.
இதைத்தான்
இருநூறு வருஷத்துக்கு முந்திய வேட்டைப்பை ஆக்கவேண்டும்,
இருபத்தேழாம் தேதிக்குள்.

கோட்டைத் திடலில் பழங்காலச் சந்தையாம்.
தொழிற்சாலையில் பெயர் சேர்த்த தவநேசன்
பட்டியலை நீட்டினான்:
பூக்காரி, பால்காரி, ஆயா, நெல் குத்துகிறவள்.
வேட்டைக்காரன் என்ற இடம் காலி.
'ரன்'னை அடித்து 'ரி' போட்டேன்.
"அந்தக் காலத்துல பொம்பள வேட்டைக்குப் போனாளா?"
"நீ போய்ப் பாத்தியா?"

பாயான் லெப்பாஸில் எட்டு மணிநேரம்
நுண்ணோக்கிக்குக் கீழே
முடியைவிடச் சன்னமான கம்பிகளைப் பார்த்து வந்த கண்ணுக்கு
இந்தத் தையல் துளைகள்
கிணறு கிணறாய்த் தெரிந்தன.
ஜிப்பை முதலில் பிடுங்கினேன்.
ஜிப் அப்போது பிறக்கவில்லை.
கொக்கியை நெம்பினேன்.
பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொன்றேன்.
துரு ஆணியைக் காடியில் ஊறவைத்தால்
தோல் கறுக்கும் என்று கேள்வி.
மூன்று நாள் வீடெல்லாம் ஊறுகாய் நாற்றம்.
தோல் கறுக்கவில்லை. என் நகம் கறுத்தது.
பிறகு தே-ஓ, சீனி போடாமல், ஏழு தடவை.

உள்துணியைக் கிழித்தபோதுதான் விழுந்தது
நாலு நம்பர் சீட்டு ஒன்று,
கட்டைவிரல் நகமளவு மடிக்கப்பட்டு.
தேதி மங்கிவிட்டது. எண் மட்டும் தெளிவு:
ஆறு, பூஜ்யம், மூன்று, எட்டு.

யாரோ ஒருத்தி.
பேருந்து மோதிய காரின் எண்ணோ,
கனவில் வந்த பாம்புக்குப்
புத்தகம் புரட்டிக் கண்ட எண்ணோ.
புதனும் சனியும் ஞாயிறும்
காற்றுக்கு எதிர்த்திசையில்
மூச்சைப் பிடித்துக் குந்தியிருந்திருக்கிறாள்,
வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல்.

மெழுகு தேய்த்த நூல்.
இரண்டு ஊசி, ஒரே துளையில் எதிரெதிராக.
உடைந்த கொம்புச் சீப்பில் ஒரு துண்டு, பொத்தானுக்கு.
தோள்வாரைச் சுருக்கினேன்:
வேட்டைப்பை இடுப்பில் ஆடக்கூடாது,
முழங்கைக்குக் கீழ் விலாவோடு ஒட்டிக் கிடக்கவேண்டும்,
ஓடும்போது சத்தம் வரக்கூடாது.
கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடிப் பார்த்தேன்.
சத்தம் வந்தது. சில்லறை.

அந்தச் சில்லறையோடுதான்
சனிக்கிழமை டத்தோ கெராமாட் கடைக்குப் போனேன்.
அதே எண். இரண்டு ரிங்கிட்.
நான் இதுவரை சீட்டு வாங்கியவள் இல்லை.
கோழிக்கடையில்கூட
வெட்டி முடியும்வரை சாலையைப் பார்த்து நிற்கிறவள்.

ராத்திரி முடிவு வந்தது. முதல் பரிசு:
ஆறு, பூஜ்யம், மூன்று, ஒன்பது.

அம்பு காதோரம் உரசிப்போன மான்
நின்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப்
புதருக்குள் போயிற்று.
சிரித்தேன்.
பிறகு, யாருமில்லை என்பதால்,
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
பழைய சீட்டை அதன் மடிப்பிலேயே மடித்துப்
பையின் மூலையில் செருகினேன்.

இருபத்தேழாம் தேதி, கோட்டைத் திடல்.
பூக்காரிகள் ஆறு பேர். வேட்டைக்காரி ஒருத்தி.
கடற்காற்றில் தே-ஓ வாசம் லேசாக வீசிற்று என் விலாவிலிருந்து.
ஐஸ் குச்சி சப்பிக்கொண்டே ஒரு பையன் கேட்டான்,
"உள்ள என்ன புடிச்சு வெச்சிருக்கீங்க?"
கையை விட்டுத் துழாவினேன்:
கைப்பேசி, அடையாள அட்டை, தலைவலி மாத்திரை,
வீட்டுச் சாவி,
நகமளவு மடிப்பு.

"இன்னும் ஒண்ணும் மாட்டலப்பா."

ஞாயிற்றுக்கிழமை.
மணி ஐந்தே கால்.
கடை ஏழு வரை திறந்திருக்கும்.