தணிக்கை, தினமும் இரண்டேகால்

பெனிட்டாவின் கடைசி வெள்ளிக்கிழமை
நாகர்கோவிலில் மழை பிடித்துக்கொண்டது.
வேளிமலையைக் காணவில்லை.
மணிமேடைப் பக்கமிருந்து ஹார்ன் மட்டும்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
திரையை என் பக்கம் திருப்பினாள்.
"எல்லாம் இனி உனக்கு. எண்ணிக்கோ."

அவளுக்கு மஸ்கட்டில் வேலை,
திங்கள் விமானம், திருவனந்தபுரம் வழி.

ஒரு கூட்டத்தை இன்னொருவர் கையில் கொடுக்க
இந்த நாட்காட்டியில் வழி இல்லையாம்.
கூட்டியவர் பெயர் கூட்டியவர் பெயர்தான்.
தென்னந்தோப்பு என்றால்
தக்கலை பதிவு அலுவலகத்தில்
ஒரு காலைக்குள் பெயர் மாறிவிடும்.
இதில் அவள் ரத்து செய்ய வேண்டும்,
நான் புதிதாய் அழைக்க வேண்டும்,
நடுவே ஒரு நிமிடம்
யாருக்கும் சொந்தமில்லாத செவ்வாய்க்கிழமை.

டென்வர்காரர்களுடன் இரவு எட்டரை.
"நவம்பரில் அவங்க கடிகாரத்தை மாத்துவாங்க,
அப்போ ஒன்பதரை, விட்டுராதே."
பேச்சிப்பாறையில் திங்கள் கணக்கு.
திற்பரப்பில் புதியவர்களுக்குப் பயிற்சி.
அறைகளுக்கு அணையும் அருவியும் பெயர்,
ஒன்றிலும் சன்னல் கிடையாது.
ரத்து, ரத்து, ரத்து என்று அஞ்சல்கள் விழ
சகாய ஜெரால்டு தடுப்புக்கு மேலே தலை நீட்டினான்:
"என்ன, கம்பெனி மூடியாச்சா?"

இருபத்தொன்று முடிந்தது.
மிச்சம் ஒன்று.
தணிக்கை. தினமும் இரண்டேகால் முதல் மூன்று வரை.
இடம்: முட்டம் அறை.
தொடக்கம்: நான்கு வருடம் முந்தைய ஒரு ஜூன்.
முடிவு தேதி: இல்லை.
அழைக்கப்பட்டவர்: அறை மட்டும்.
அறை வருவதாகச் சொல்லியிருந்தது.

"யாரைத் தணிக்கை பண்ணுறே?"
"இதை உன் பேரில போடு.
காரணம் எழுதாதே, கேட்டியா."
தன் பெயரில் இருந்ததை ரத்து செய்துவிட்டு
வடசேரி பேருந்துக்கு ஓடினாள்.
குடை மேசையடியில் கிடந்தது.

திங்களன்று நான் போடவில்லை.
வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில்
எதற்கென்று தெரியாத ஒன்றுக்கு
என் பெயரைக் கொடுக்க மனசில்லை.
இரண்டேகாலுக்கு முட்டத்தில்
ஜெரால்டும் மூன்று பேரும்
பலகையில் அம்புக்குறி போட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் படியில் இறங்கினேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து
வாழையிலைப் பொதியை மடியில் விரித்து
ஏறுகிறவர்களுக்கு முழங்காலை ஒடுக்கி ஒடுக்கி
லில்லிபாய் மரச்சீனியும் சாளையும் தின்றுகொண்டிருந்தார்.
பேன்ட்ரி கதவில் ஒட்டியிருக்கும் தாள் ஞாபகம் வந்தது:
மீன் கொண்டுவர வேண்டாம்.
அடியில் கையெழுத்து இல்லை,
எழுத்து என்னுடையது.

எழுந்திருக்கப் போனார்.
"இருங்க, இருங்க."
"பெனிட்டா மோளு போயாச்சுல்லா," என்றார்.
"ரூம்ல இன்னைக்கு ஆளு உண்டு."
மிச்ச முள்ளை இலையோரம் ஒதுக்கினார்.

மேலே வந்து புதிய அழைப்பைத் திறந்தேன்.
தலைப்பு: தணிக்கை.
பங்கேற்பவர் கட்டத்தில்
லில்லிபாய் என்று அடித்துப் பார்த்தேன்.
பொருந்தும் பெயர் எதுவும் இல்லை என்றது.
ஒப்பந்த ஆட்களுக்கு இங்கே முகவரி கிடையாது.
அறையை மட்டும் அழைத்தேன்.
மூன்று நொடியில் வருவதாகச் சொன்னது.

முடிவு தேதி கேட்டபோதுதான்
விரல் நின்றது.
எனக்கு பதினேழாம் தேதி
பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் நேர்காணல்.
நாட்காட்டியில் அதைப்
பல் டாக்டர் என்று போட்டிருக்கிறேன்.