முள் இருக்கும் இடம்

கிராஞ்சி சதுப்பில் மணி ஆறே முக்கால்.
தண்ணீர் இன்னும் தன் நிறத்தை முடிவு செய்யவில்லை.
ரோஸ்லான் மோட்டாரை அணைத்துவிட்டுத்
துடுப்பால் தள்ளுகிறார்.
"செமாலு காஜா" என்கிறார், புதரைக் காட்டி.
யானைத் தொட்டாற்சிணுங்கி.
யானைக்கு என்ன வெட்கம் என்று
மொஹிபுல் சிரிக்கிறான்.

தொடுகிறேன்.
சுருங்குகிறது, ஆனால் அவசரமில்லை,
பேரம் படியாத கடைக்காரர்
கல்லாவை மூடுவது மாதிரி.

சுருங்குவது மட்டும் சாட்சி ஆகாது.
நீர்மேல் மிதக்கும் சுண்டிக்கீரையும் சுருங்கும்.
அதன் பூ மஞ்சள், முள் கிடையாது, விட்டுவிடு.
நடைபாதைப் புல்லில் கிடக்கும் சின்னதும் சுருங்கும்.
அது முழங்கால் தாண்டாது.
இது என் தலைக்கு மேல் இரண்டு முழம்.
காம்பைத் திருப்பிப் பார்க்கிறேன்:
இலைகள் ஜோடியாய்ப் பிரியும் ஒவ்வொரு மூட்டிலும்
நேராக நிற்கும் ஒற்றை முள்,
வருகைப் பதிவேட்டில் போட்ட கோடு மாதிரி.
என் படிவத்தில் அந்தக் கட்டத்தில் மட்டும்தான்
"உறுதி" என்று எழுதுவேன்.
மற்றதெல்லாம் "இருக்கலாம்".

ஐந்தாம் திட்டு.
வேரோடு எடுக்க வேண்டும், காய் முற்றுவதற்குள்.
முற்றினால் காய் துண்டு துண்டாய் உதிரும்,
துண்டுக்கு ஒரு விதை, விதைக்கு ஒரு ரோமப் படகு.
காம்பில் மிஞ்சுவது
படம் கழன்ற வெறும் சட்டம்.

மொஹிபுல் முதல் கிளையில் கத்தி வைத்தான்.
உள்ளேயிருந்து ஒரு வசவு.
நீலத் தாழைக்கோழி.
சிவந்த நெற்றி, கோரை மடித்த மேடை,
மேடையில் புள்ளி போட்ட ஐந்து முட்டை.
எதிர்க்கரை முழுக்கக் கோரைதான்.
இருந்தும் இங்கே கட்டியிருக்கிறது.
முள்ளுக்குள் உடும்பு வராது என்று
அதற்குத் தெரிந்திருக்கிறது.

திருவாட்டி சியோங்கிற்கு அழைத்தேன்.
"குஞ்சு வர?"
"இருபத்து மூன்று நாள்."
"காய் முற்ற?"
"பதினைந்து."
மறுமுனையில் யாரோ விசைப்பலகையில் தட்டும் சத்தம்.
"வாகீஸ்வரி, நீங்களே பாருங்கள்."

பார்த்தேன்.
சுவா சூ காங் மருந்துக்கடையில்
சூப்புக்கு வேர் கட்டிப்போடும் துணிப்பை
நானூற்றுப் பன்னிரண்டு வாங்கினேன்.
எத்தனை பானை சூப் என்றார் கடைக்காரர்.
காய்க்கொத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பை,
கழுத்தில் இரட்டை முடிச்சு.
கையுறைக்கு மேலே மணிக்கட்டு முழுக்கக் கீறல்.
கோழி ஒரு நாள்கூட எங்களைத் திட்டாமல் விடவில்லை.
நான்காம் நாள் மாலை
வெள்ளை வெள்ளையாய்த் தொங்கிய புதரைப் பார்த்து
ரோஸ்லான் சொன்னார்:
"பெருநாளுக்குக் கெத்துப்பாட் கட்டிவிட்டோம்."

ஐந்தில் மூன்று பொரிந்தன.
கரியில் உருட்டியெடுத்த பஞ்சு, பொருந்தாத பெரிய கால்கள்.
அவை தாயின் பின்னால் கோரைக்குள் போனதை
நாங்கள் மூவரும் பார்த்தோம்,
ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு வெட்டினோம்.
வேர் வெளியே வந்தபோது
ஈரத் துணி கிழியும் சத்தம்.

பைகளை எண்ணினோம். நானூற்றொன்பது.
மறுபடி எண்ணினோம்.
நானூற்றொன்பது.

ஈசூன் வீட்டில், இரவு பத்தரைக்கு,
துவைக்கப் போட்ட காலுறையின் மடிப்பில்
பொன்னிற ரோமத்தோடு ஒரு துண்டு.
எவ்வளவு சாதுவாய் ஒட்டிக்கொண்டிருந்தது.
கொதிநீர் ஊற்றலாம் என்று கெட்டிலை எடுத்தேன்.
கொதிநீரில்தான் இதன் விதை தூக்கம் கலையும் என்பது
ஊற்றப்போகும்போது நினைவுக்கு வந்தது.
இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன்.
முடி கருகிய வாசனை.
கழுவித் துடைத்த இடுக்கியை மறுபடி கழுவினேன்.
சலவை இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நூல், பொத்தான், இருபது காசு.

திங்கட்கிழமைக்கான படிவத்தை
அப்போதே எடுத்து நிரப்பினேன்.
செடி: உறுதி.
எண்ணிக்கை: ஒன்று.
கண்ட இடம் என்ற கட்டத்தில்
என் புளோக் எண்.