டியூபாவுக்கு ஓர் இருக்கை

கெண்ட் நகரில், மூடிய சைக்கிள் கடையின் பின்னறையில்
வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து
எச்சில் துடைத்த குழல்கள் உறைக்குள் போனதும்
லீஸ்பெத் மடிக்கணினியைத் திறந்தாள்.
பன்னிரண்டு பேர். ட்ரியெஸ்தே. மே மாதம்.
துறைமுகத்தில் பித்தளை வாத்தியக் குழுக்கள் கூடுகின்றன,
எங்களுக்கு அரைமணி நேரம் தந்திருக்கிறார்கள்,
மீன்சந்தைப் பக்கம், எல்லோரும் சாப்பிடப் போகும் வேளையில்.

விமானம் பத்தொன்பது யூரோ, என்றாள்.
பெட்டிக்கு முப்பத்திரண்டு.
பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆசையென்றால் எட்டு.
ப்ரஸ்ஸல்ஸ் என்று பெயர் வைத்த விமான நிலையம்
ப்ரஸ்ஸல்ஸில் இல்லை.
வெனிஸ் என்று பெயர் வைத்தது வெனிஸில் இல்லை.
இரண்டு பொய்களுக்கு நடுவே
ஒன்றே முக்கால் மணி நேர வானம்,
அப்புறம் ஒரு பேருந்து.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அப்படியும் கூட்டிப் பார்த்தால்
ரயிலுக்கு ஆவதில் பாதிதான்.

நான் எழுந்தேன்.
உருகும் பனியாறுகளைப் பற்றிப் பேசினேன்.
ஆறு படுக்கை அடுக்கிய அறையைப் பற்றி,
பல் விளக்கிக்கொண்டே ஜன்னலில் பார்க்கும்
விடிகாலை மலையைப் பற்றி.
கோடெலீவ் கண் கலங்கினாள்; அவள் எதற்கும் கலங்குவாள்.
வார்ட் மட்டும் முனகினான்:
போன வருடம் கொலோனில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டு
ஐந்து மணி நேரம் தூணோடு தூணாக நின்றோமே,
அங்கே எந்த மலை தெரிந்தது?

மார்னிக்ஸ் தாளக்குச்சிகளுக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தான்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
கூட்டங்களில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.
"எனக்கு மிச்சமிருப்பது இரண்டு நாள் விடுப்பு," என்றான்.
"ரயிலில் போக ஒன்று, திரும்ப ஒன்று.
வாசிக்க நாள் இல்லை."
குறைசொல்லும் குரல் அல்ல.
பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

லீஸ்பெத்தின் அட்டவணையில்
விலைக்குக் கட்டம் இருந்தது, எடைக்கு இருந்தது,
கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட இருந்தது.
நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன்,
என் நாட்காட்டி ஆகஸ்ட் வரை வெள்ளை.

இன்னொன்றும் உண்டு, பேச்சில் விட்டுவிட்டேன்.
விமானத்தில் என் டியூபாவுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.
பயணியின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று
ஒரு வாரம் விழித்துக்கொண்டிருந்தேன்.
பனியாறுகள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

ரயிலுக்கு யார், கை தூக்குங்கள் என்றபோது
கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொரு விமானச்சீட்டு.
நானும் டியூபாவும் முந்தின இரவே கிளம்பினோம்.

மேல்படுக்கை காலியாக இருந்ததால் அதை அங்கே ஏற்றி
கம்பளி போர்த்திவிட்டேன்.
நள்ளிரவில் டார்ச்சோடு வந்த பரிசோதகர்
அந்தப் பெருத்த தோளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:
"தூங்குகிறாரா?"
ஆமாம் என்றேன்.
வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு போனார்.

நாலரை மணிக்கு மார்னிக்ஸிடமிருந்து செய்தி.
வேலை முடிந்து நேரே விமான நிலையம் போயிருக்கிறான்.
"பாதுகாப்புச் சோதனையில் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
ஆயுதமாம்.
வழியில் எங்காவது கிடைக்குமா?"

வியன்னாவில் அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம்.
தாளக்குச்சி விற்கும் கடை அந்த ஊரில் எந்தத் தெரு,
காலை எட்டரைக்குத் திறந்திருக்குமா,
டியூபாவைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்?
கிடைக்கும் என்று எழுதி அனுப்பினேன்.
ரயில் பெயர்ப்பலகை இல்லாத ஓரிடத்தில்
காரணம் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது.